ஏரிக்கரைப் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிப் பறவைகளைப் பார்ப்பது குறித்து வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

ஐப்பசி மழையில் எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போகிறது (உபரி நீர் வழிகிறது). ஆனால் கோடையில் பார்த்த அளவுக்குக்கூட இப்போது பறவைகள் இல்லை. ஏன்? (காட்பாடி)

ஏரி நிரம்பியதுதான் காரணம். நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை ஆழமான தண்ணீரை நம்பி வருவதில்லை, ஆழமில்லாத தண்ணீரைத் தேடித்தான் வருகின்றன. உள்ளான், உப்புக்கொத்தி வகைகளுக்கு ஈரச் சேறும் 5 செ.மீ.க்கு உட்பட்ட தண்ணீரும் வேண்டும். நெடுங்கால் உள்ளான் 15 செ.மீ. வரை நின்று மேயும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், மஞ்சள் மூக்கு நாரை ஆகியவற்றுக்குக் கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, வாலைத் தூக்கி மேயும் வாத்துகளுக்கு அரை மீட்டருக்கு மேல் போனால் அடிச்சேறு எட்டாது. கோடி போகும் ஏரியில் இந்த ஓரங்கள் எல்லாம் முழுகிவிடும். மூழ்கி இரை தேடும் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா இவைதான் நடுவில் மிஞ்சும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் தண்ணீர் இருப்பது இரண்டு மூன்று ஏரிகளில்தான், எல்லாப் பறவைகளும் அங்கே ஒதுங்கும். மழை பெய்தால் குட்டை, தாங்கல், நாற்று விட்ட வயல் எல்லாமே தண்ணீர்தான். கூட்டம் சிதறிப் போகும்.

ஆகவே நிரம்பிய ஏரியில் கரையோரம் நின்று ஏமாறாதீர்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்துக்கு, அதாவது வரத்துக் கால்வாய் சேரும் உள்வாய்க்குப் போங்கள். அங்கே நிலம் மெல்லச் சரிவதால் எத்தனை பெரிய மழையானாலும் கணுக்கால் ஆழத்தில் ஒரு பட்டை இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் ஏரிக்குக் கீழே உள்ள உழுத வயல்களைப் பாருங்கள். மார்கழி முடிந்து மதகு திறந்து பாசனம் தொடங்கியதும் தண்ணீர் இறங்க இறங்க ஓரச்சேறு வெளியே வரும். கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் தை, மாசிதான் சரியான காலம். ஐப்பசி என்பது யார் யார் வந்து சேர்கிறார்கள் என்று பார்க்கும் மாதம்.

எந்த ஏரிக்குப் போகலாம்? (வாலாஜா)

உங்களுக்குக் காவேரிப்பாக்கம் பக்கம். வட ஆற்காட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று அது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய ஏரி சலிப்பைத்தான் தரும். பறவைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளியாகத் தெரியும். கரை முழுவதும் நடந்து தீர்க்க நினைக்காமல் உள்வாயில் ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே இரண்டு மணி நேரம் இருங்கள்.

மகேந்திரவாடி ஏரியும் நல்லதுதான். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் மகேந்திர தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி. பக்கத்திலேயே அவன் குடைந்த குகைக் கோயில். அரக்கோணம்–காட்பாடி ரயில் பாதையில் ஊர் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது.

மோர்தானா போன்ற மலையடி அணைகளில் வாத்துக் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். கரை செங்குத்தாக இறங்குவதால் மேய்ச்சலுக்கு ஓரம் கிடையாது. மீன்கொத்தி, நீர்க்காகம், ஆலா பார்க்கலாம். எங்கள் யோசனை, தொலைவான பெரிய ஏரிக்கு வருடம் ஒரு முறை போவதைவிட வீட்டுக்குப் பக்கத்துச் சிறிய ஏரிக்கு வாரம் ஒரு முறை போவது மேல். தண்ணீர் ஏறி இறங்குவதற்கு ஏற்பப் பறவை மாறுவது அப்போதுதான் பிடிபடும்.

எல்லா வாத்தும் ஒரே பழுப்பாகத் தெரிகிறது. படத்தில் உள்ள நிறம் ஒன்றுக்கும் இல்லை. (குடியாத்தம்)

படத்தில் இருப்பது இனப்பெருக்கக் கால ஆண். வலசை வரும் வாத்துகளில் ஆண்கள் கோடையின் முடிவில் இறகு உதிர்த்துப் பெட்டையைப் போலப் பழுப்பு இறகு பூண்டுவிடும். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே வந்து இறங்குவது அந்தக் கோலத்தில்தான். ஊசிவால் வாத்து மார்கழிக்குள் தெளிந்துவிடும். நீலச்சிறகி ஆண் முழு நிறத்துக்கு வரத் தை, மாசி ஆகிவிடும். ஆகவே இப்போது நிறத்தை விட்டுவிட்டு அலகையும் உருவத்தையும் பாருங்கள்.

முதலில் புள்ளிமூக்கு வாத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க இங்கேயே இருப்பது, பெரிய உருவம், ஆணும் பெட்டையும் ஒரே மாதிரி. கறுப்பு அலகின் நுனி மஞ்சள். இது மட்டும் அரை கிலோமீட்டர் தூரத்திலும் தெரியும். அலகின் அடியில் இருக்கும் சிவப்புப் புள்ளி கிட்டே வந்தால்தான் தெரியும், அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது முதுகின் பின்பக்கம் வெள்ளைப் பட்டை ஒன்று துண்டாகத் தெரியும்.

இதைவிட மெலிந்து, கழுத்து நீண்டு, வால் கூர்ந்து இருந்தால் ஊசிவால் வாத்து. அலகு சாம்பல் நிறம். உடலுக்குப் பொருந்தாத அளவு அகன்ற அலகோடு, அதைத் தண்ணீரில் தோய்த்தபடியே நீந்தினால் தட்டைவாயன். இவை பல சேர்ந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும், அதை வைத்தே சொல்லிவிடலாம். புள்ளிமூக்கு வாத்தில் பாதிக்குச் சற்று மேல் உருவம், முகத்தில் கண்ணுக்கு மேலும் கீழும் கோடு கோடாக இருந்தால் நீலச்சிறகி. பறக்கும்போது ஆணின் சிறகு முன்பாதி வெளிர் நீலச் சாம்பலாகத் தெரியும்.

சீழ்க்கைச் சிறகியை வலசை வாத்து என்று எழுதியிருந்த கடிதங்கள் நிறைய. அது உள்ளூர்ப் பறவை. கழுத்தை நிமிர்த்தி நிற்கும், மரத்திலும் உட்காரும், பறக்கும்போது சீட்டியடிக்கும்.

எங்கள் பகுதிக்குச் சைபீரியா, ஆஸ்திரேலியா பறவைகள் வந்திருப்பதாகச் செய்திகளில் வருகிறது. பள்ளியில் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லலாமா? (ஆற்காடு)

சொல்ல வேண்டாம். அந்தச் செய்தியோடு வரும் படம் பெரும்பாலும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன் இவற்றில் ஒன்றாக இருக்கும். உருவத்தில் பெரிய இந்தப் பறவைகள் எல்லாம் நம் நாட்டிலேயே குஞ்சு பொரிப்பவை. தண்ணீரையும் மீனையும் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும், அவ்வளவுதான். வேடந்தாங்கலில் கூடு கட்டுபவையும் இவைதான். கூடு கட்டுகிற இடம்தான் ஒரு பறவையின் சொந்த ஊர். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகும் பறவை இங்கே கூடு கட்டாது.

உண்மையில் இமயத்துக்கு அப்பால் இருந்து வருபவை கவனத்தில் படாத சிறிசுகள். பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை நடு ஆசியாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வருகின்றன. பொறி உள்ளான் ஆடி முடிவதற்குள்ளேயே வரத் தொடங்கிவிடும், நீலச்சிறகி ஆவணி, புரட்டாசியில், ஊசிவால் இன்னும் தாமதமாக. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலானைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், தப்பில்லை.

பைனாகுலர் வாங்க வேண்டும். எவ்வளவு பெரிதாகக் காட்டுவது வாங்குவது? வாங்கியதில் இரண்டு உருவமாகத் தெரிகிறது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். (பேரணாம்பட்டு, ஆம்பூர்)

8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மி.மீ. அகல ஒளிக்கற்றை கண்ணுக்குள் வருகிறது. விடியற்கால மங்கலில் இதுதான் கைகொடுக்கும். 8×21 போன்ற சட்டைப்பை அளவுக் கருவியில் இது 2.6தான், 6 மணிக்கு ஒன்றும் தெரியாது. 10 மடங்கில் பறவை பெரிதாகும், கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விளம்பரம் செய்பவற்றைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது.

கண்ணாடி அணிபவர்கள் கண் தள்ளி வைத்துப் பார்க்கும் தூரம் 16 மி.மீ.க்குக் குறையாததாகக் கேட்டு வாங்குங்கள். பார்க்கும்போது கண்பக்கத்து ரப்பர் விளிம்பை உள்ளே திருகிவிடுங்கள். கண்ணாடி இல்லாதவர்கள் வெளியே இழுத்து வையுங்கள்.

இரண்டு உருவமாகவோ ஒரு கண்ணில் மட்டும் மங்கலாகவோ தெரிவது பெரும்பாலும் கருவியைத் தனக்கேற்பச் சரிசெய்யாததால். முதலில் இரு குழல்களையும் விரித்தோ மடக்கியோ இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி எழுத்துள்ள பலகை ஒன்றைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடிவிட்டு, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற எண்ணை நினைவில் வைத்தால் போதும், இனி நடுச்சக்கரம் ஒன்றுதான் வேலை. இத்தனைக்கும் பிறகு இரட்டையாகவே தெரிந்தால் உள்ளே கண்ணாடிப் பட்டகம் நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த கருவியில் இது சகஜம். வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது, விற்ற கடைக்கே கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் நனைந்த கருவியை உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். நிழலில் உலர்த்தி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், ஏரிக்கரை மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு மென்துணி.

சேற்றில் ஓடும் சின்ன உள்ளான்களில் மூன்று வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? (திமிரி)

சாதா உள்ளானின் தோளுக்கு முன்னால், மார்புக்கும் இறக்கைக்கும் இடையே, வெள்ளை ஆப்பு ஒன்று மேலே ஏறும். பின்பக்கம் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பறந்தால் தண்ணீரை ஒட்டி, இறக்கையை விறைப்பாக வைத்து வெட்டி வெட்டிப் போகும்.

பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் வெளிர்ப் பொறி, கால் மஞ்சள் கலந்தது, வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கருப்பு உள்ளானில் புருவம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், முதுகு கருத்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால் அது எழும்வரை காத்திருங்கள். இறக்கையின் அடிப்பக்கம் கருப்பாகவும் வாலடி பளிச்சென்ற வெள்ளையாகவும் இருந்தால் கருப்பு உள்ளான். அடிப்பக்கம் வெளிறியிருந்தால் பொறி உள்ளான். பொறி உள்ளான் திறந்த சேற்றில் பல சேர்ந்து மேயும், கருப்பு உள்ளான் வாய்க்கால் ஓரம் தனியாளாக ஒதுங்கும்.

கரையில் ஏறினாலே எல்லாம் பறந்துவிடுகின்றன. (சோளிங்கர்)

கரையின் உச்சியில் நிற்பவர் வானத்துக்கு எதிரே கரிய உருவமாகத் தெரிவார். வாத்துகள் நூறு மீட்டருக்கு அப்பாலேயே எழுந்துவிடும். கரையின் வெளிச்சரிவில், வயல் பக்கமாகத் தாழ நடந்து வந்து, பனைமரம் ஒன்றின் பின்னால் மெல்ல ஏறித் தலையை மட்டும் காட்டுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, மங்கிய பச்சை நல்லது. நேராக அவற்றை நோக்கி நடக்காமல் சாய்வாக நடங்கள். கழுத்துகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தால் அடுத்தது பறப்புதான், அந்தக் கணமே நில்லுங்கள்.

வெளிச்சமும் முக்கியம். நிலம் கிழக்கே சரியும் இடங்களில் ஏரிக்கரை கிழக்கில் இருக்கும். அங்கே காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், நிறமெல்லாம் தெளிவு. மாலையில் அதே இடத்தில் எல்லாம் கரி பூசியது போல இருக்கும். 6 மணி சுமாருக்குத் தொடங்கி 9க்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வெயிலில் தண்ணீர் மேல் கானல் ஆடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் தோற்றுப்போகும். மழை பெய்து விட்ட மறுகாலை அருமையானது.

ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி எண்ணுவது? (கலவை)

பத்து பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கூட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவை ஐந்து முறை வைத்து ஐம்பது. ஐம்பதை அளவுகோலாக்கி மொத்தக் கூட்டம். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். முழுதும் எண்ணி முடித்துவிட்டுத் திரும்ப மறுமுனையிலிருந்து ஒரு முறை எண்ணுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுகிறார்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவதற்கான இ-பேர்ட் செயலியில் பதியும்போது தொடங்கிய நேரம், இருந்த நிமிடம், நடந்த தூரம் மூன்றும் கட்டாயம். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகம் உட்பட, எழுதினால்தான் அது முழுப் பட்டியல். அபூர்வமானதை மட்டும் எழுதிய பட்டியலால் ஆய்வுக்குப் பயன் குறைவு. பொங்கல் நாட்களில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, யாரும் சேரலாம். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். இப்போதே பழகினால் அதற்குள் கை வந்துவிடும்.

ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களை வெட்டிவிட்டால் பறவை வராதா? ஊரில் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். (அணைக்கட்டு)

எந்தக் கருவேலம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உள்வாயில் தண்ணீர் நடுவே நிற்கும் நாட்டுக் கருவேலம் நாரை, நீர்க்காகம், வக்கா கூடு கட்ட உகந்த மரம். அடியில் தண்ணீர் நிற்பதால் பூனையோ நாயோ மனிதனோ ஏற முடியாது, அதுதான் அதன் மதிப்பு. கூடு இருக்கும் மாதங்களில், கார்த்திகை தொடங்கிக் குஞ்சு பறக்கும் பங்குனி வரை, அதைத் தொடக் கூடாது.

சீமைக் கருவேலம் வேறு. அதிலும் கொக்குகள் அடையும், கூடும் கட்டும், ஆனால் ஓரச்சேற்றில் புதராக அடைத்துக்கொண்டால் உள்ளான்களுக்கு இடமில்லை. திறந்த வெளியில் நாலாபுறமும் பார்வை தெரிந்தால்தான் அவை இறங்கும். ஒரே வருடத்தில் மொத்தமும் அழிக்காமல், கூடு இல்லாத பகுதியிலிருந்து, கோடையில், கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே நல்லது. ஆகாயத்தாமரைக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். தண்ணீரை முழுதாக மூடிவிட்டால் தாழைக்கோழியும் இலைக்கோழியும் மட்டும் தங்கும், வாத்து இறங்காது.

ஏரியை ஒரே ஆழத்துக்குக் கிண்ணமாகத் தோண்டுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல். தூர் வாரும்போது மதகுப் பக்கம் ஆழப்படுத்தி, உள்வாய்ச் சரிவை அப்படியே விட வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள். பாசனத்துக்கும் நஷ்டமில்லை.

தீபாவளி வெடிக்குப் பறவைகள் போய்விடுமா? (வேலூர்)

இரவில் அடைந்திருக்கும் கூட்டம் எழுந்து இருட்டில் சிதறும். கூடு தொடங்கியிருந்தால் கைவிடும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஊரார் இதற்காகவே வெடி வெடிப்பதில்லை. அவ்வளவு முடியாவிட்டாலும் ஏரிக்கரையில் மட்டுமாவது வேண்டாம்.

அடிபட்ட கொக்கு ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? (சேண்பாக்கம்)

முதலில் உங்கள் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கொக்கும் நாரையும் பாம்புத்தாராவும் நேராகக் கண்ணைக் குறிவைத்துக் குத்தும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, அலகைப் பிடித்துக்கொண்டு, இறக்கைகளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பழந்துணி விரித்து, மூடி இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துவிடும். சோறு, பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். கொக்கின் அலகை நூலால் கட்டினால் மூக்குத் துவாரத்தை விட்டுக் கட்டுங்கள், ரப்பர் பேண்டு கூடாது. உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? (கே.வி.குப்பம்)

போகலாம், தண்ணீரில் மட்டும் இறங்கவிடாதீர்கள். உள்வாயில் மண் எடுத்த பள்ளங்கள் நிரம்பிய ஏரியில் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் ஆள் முழுகும். மதகு, கோடி இரண்டின் அருகிலும் நிற்க வேண்டாம். பனையடியில் உட்காரும் முன் மேலே பாருங்கள், கதண்டுக் கூடு இருந்தால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். புல்லடர்ந்த கரையில் கண்ணாடி விரியன் இருக்கும் காலம் இது, மூடிய காலணி போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

சாக்கடை கலக்கும் ஏரியில்தான் நெடுங்கால் உள்ளான் நிறைய இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தமா? (ஆம்பூர்)

இல்லை. கழிவுநீர்ச் சேற்றில் பெருகும் புழுக்களைத் தின்ன நெடுங்கால் உள்ளானும் உண்ணிக்கொக்கும் வரும். ஒரு வகை மட்டும் பெருகி மற்றவை குறைந்துகொண்டே போனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். நத்தைக்குத்தி நாரையைத் தேடிப் பாருங்கள். அது நத்தையை நம்பி வாழ்வது. முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வருவதில்லை என்றால் நத்தைக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும். வளர்ந்த நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டுத் தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, அதை வேறு நாரை என்று எழுதிவிடாதீர்கள்.